பிக்சல் பாணித் தமிழ் எழுத்து: துணியில் அச்சிட எந்த அளவு, எந்த வடிவம்?

பின்னலாடை வடிவமைப்பாளர், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். உள்நாட்டு விற்பனைக்கான டி-ஷர்ட் வரிசை ஒன்றுக்கு வடிவமைப்புச் செய்துகொண்டிருக்கிறேன். 1980-களின் வீடியோ விளையாட்டுத் திரைகளை நினைவூட்டும் சதுரக்கட்ட எழுத்துகளில் கொங்கு நாட்டு ஊர்ப் பெயர்களை மார்பில் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது திட்டம். ஆங்கிலத்தில் இதற்குக் குறையே இல்லை. பிரஸ் ஸ்டார்ட் 2பி, விடி323, சில்க்ஸ்கிரீன் என்று கட்டணமில்லாமல் கிடைக்கும் எழுத்துருக்களே பல இருக்கின்றன. எதை எடுத்துப் போட்டாலும் பழைய விளையாட்டின் முகம் உடனே வந்துவிடுகிறது. ஆனால் இவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் வழக்கமான தமிழ் எழுத்துரு ஒன்றைச் சிறிதாக்கி, மொசைக் விளைவு கொடுத்து, மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ‘பல்லடம்’, ‘ஈரோடு’ ஆகியவை ஓரளவு நின்றன. ‘ஊத்துக்குளி’, ‘பெருந்துறை’, ‘சென்னிமலை’ ஆகியவற்றைப் படிக்கவே இயலவில்லை. தமிழ் எழுத்து வளைவுகளால் ஆனது என்பதால் இந்தப் பாணிக்கே அது ஒத்துவராது என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். அது உண்மைதானா, இல்லையெனில் எத்தனை கட்டங்களுக்குள் தமிழ் எழுத்தை வரையலாம் என்பது என் முதல் கேள்வி. அதே எழுத்தைப் பின்னல் காலரிலும் நெய்த லேபிளிலும் போட விரும்புகிறோம். மூன்றுக்கும் ஒரே வரைவு போதுமா என்பது இரண்டாவது.

எழுத்துக்கட்டம், கோவை

வணக்கம். தமிழ் எழுத்தின் மேல் குற்றமில்லை. அதைக் கட்டத்துக்குள் கொண்டுவந்த வழியில்தான் சிக்கல். பிக்சல் எழுத்து என்பது நல்ல எழுத்து ஒன்றைச் சொரசொரப்பாக்கியதால் வருவதன்று. எந்தக் கட்டம் நிறைய வேண்டும், எது வெறுமையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் ஒவ்வொன்றாக முடிவு செய்து வரைந்தது அது. மொசைக் விளைவு அந்த முடிவுகளை எடுப்பதில்லை. எழுத்தின் கோடு பாதிக் கட்டத்தில் விழும் இடத்திலெல்லாம் சாம்பல் நிறத்தையோ, தற்செயலான ஒரு கறுப்புச் சதுரத்தையோ வைத்துவிடுகிறது. ‘ஊ’ என்ற எழுத்தின் உள்ளே இருக்கும் சிறிய ‘ள’ அடைபட்டுப் போவது அதனால்தான்.

நீங்கள் குறிப்பிடும் விளையாட்டு எழுத்தின் பிறப்பைப் பார்த்தால் இது தெளிவாகும். அக்காலத்து விளையாட்டு இயந்திரங்கள் திரையை 8-க்கு 8 பிக்சல் கொண்ட ஓடுகளாகப் பிரித்துக் கையாண்டதால், ஓர் எழுத்துக்குக் கிடைத்த இடமும் அவ்வளவே. அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருக்க ஒரு வரிசையையும் ஒரு நிரலையும் காலியாக விட்டபின் 7-க்கு 7 மிஞ்சும். அட்டாரி நிறுவனத்தாரின் ‘குவிஸ் ஷோ’ என்ற 1976-ஆம் ஆண்டு விளையாட்டில் வந்த வடிவத்தை ஒட்டியே பின்னர் நாம்கோ நிறுவனத்தின் விளையாட்டுகளிலும் எழுத்துகள் அமைந்தன. பிரஸ் ஸ்டார்ட் 2பி அந்த நாம்கோ எழுத்துகளைப் பின்பற்றியது. அதில் செங்குத்துக் கோடுகள் 2 பிக்சல் தடிமனாகவும் கிடைக்கோடுகள் 1 பிக்சல் தடிமனாகவும் இருப்பதைக் கவனியுங்கள். நமக்கு ‘பழைய விளையாட்டு’ என்ற உணர்வைத் தருவதில் பெரும்பங்கு இந்தத் தடிமன் வேறுபாட்டுக்கே உண்டு. சதுரமாக இருந்தால் மட்டும் அந்த முகம் வந்துவிடாது. விடி323 வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. அது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் விடி320 முனையத்தைத் தழுவியதால், விளையாட்டைவிட அலுவலகக் கணினியையே நினைவூட்டும். எனவே உங்கள் சட்டைக்கு எந்த நினைவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தமிழை 8-க்கு 8 ஓட்டில் அடைக்க முயல வேண்டாம். ‘ட’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரே அகலம் கொடுக்கும் எந்த ஏற்பாடும் தமிழில் தோற்றுப்போகும். இங்கே நமக்கு நல்ல முன்மாதிரி விளையாட்டு இயந்திரம் அன்று. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினி. அதற்காக சூசன் கேர் வரைந்த சிகாகோ எழுத்துரு முழுக்கப் பிக்சல்களால் ஆனது, ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய அகலத்தைக் கொடுத்தது. மறுவருடமே சுசானா லிச்கோ, எமிக்ரே இதழுக்காக அதே வகைக் கணினியில் வரைந்த எழுத்துருக்கள், கட்டத்தின் கரடுமுரடை மறைக்காமல் அழகாகவே முன்வைத்தன. தமிழுக்கு இந்த வழியே பொருந்தும்.

உயரத்தைப் பொறுத்தவரை என் பரிந்துரை 16 வரிசை. எழுத்தின் உடலுக்கு 9, மேல்விலங்குக்கும் (‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேற்குறி) புள்ளிக்கும் 3, ‘ழ’, ‘ற’, ‘ர’, ‘து’ போன்றவற்றின் கீழிறங்கும் பகுதிக்கு 4. ஜப்பானியர்கள் ‘கஞ்சி’ எனப்படும் தம் சிக்கலான சீனவழி எழுத்துகளையே 16-க்கு 16 கட்டத்தில் நெடுங்காலம் வைத்துக்கொண்டார்கள். தமிழுக்கு அது தாராளம். புள்ளியை வட்டமாக வரைய எண்ண வேண்டாம். 2-க்கு 2 சதுரமாக வைத்து, எழுத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு வரிசையைக் காலியாக விட்டால் மேலே ஒதுக்கிய 3 வரிசையும் சரியாக அமைந்துவிடும்.

ட, ப, ம, ங, ய, ஈ ஆகியவை கோடுகளாலும் மூலைகளாலும் ஆனவை. அவற்றைச் சதுரத்தில் வரைவது எளிது. உங்களுடைய ‘பல்லடம்’ மொசைக்கிலும் பிழைத்ததற்கு அதுவே காரணம். செங்குத்துக் கோட்டுக்கு 2 கட்டம் கொடுத்தால் ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் 7 கட்ட அகலம் போதும், ‘ண’வுக்கு 14 அல்லது 15 வேண்டும். இதைப் பார்த்து அஞ்ச வேண்டாம், கையெழுத்திலும் ‘ண’ அப்படித்தானே நீள்கிறது. சுழிகளை வட்டமாக்க முயலாமல், நடுவில் ஒரே ஒரு வெற்றுக் கட்டம் உள்ள சிறு பெட்டியாக ஆக்கிவிடலாம். படிப்பவரின் கண் அதைச் சுழியாகவே எடுத்துக்கொள்ளும்.

மெய்யான ஆபத்து சுழிகளில் இல்லை, ஒன்றையொன்று ஒத்த வடிவங்களில் இருக்கிறது. ‘ர’வின் கீழ்க்கோட்டைச் சிக்கனம் கருதி வெட்டிவிட்டால் அது துணைக்கால் ஆகிவிடும், ‘தாராபுரம்’ என்ற பெயரை எழுதிப் பார்த்தால் இதன் தொல்லை விளங்கும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஓரிரண்டு கட்டங்களில்தான் வேறுபடும். ஆகவே இந்த இணைகளையெல்லாம் முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்துவிட்டு, மற்ற எழுத்துகளுக்குப் பிறகு செல்லுங்கள். உகர, ஊகார உயிர்மெய்கள் முப்பத்தாறையும், ‘டி’, ‘டீ’ இரண்டையும் தனி வடிவங்களாகவே வரைய வேண்டும்.

இடையில் ஒரு செய்தி. பெரியார் ஈரோட்டிலிருந்து தொடங்கிய ‘குடி அரசு’ இதழில் 1935 முதல் கையாண்டு, 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றின் பழைய கூட்டு வடிவங்கள் வழக்கிலிருந்து நீங்கின. நமக்கு வரைய வேண்டிய வடிவங்கள் குறைந்தன என்பது ஒருபுறம் இருக்க, ‘பழமைத் தோற்றம்’ வேண்டும் என்பதற்காகச் சிலர் பிக்சல் எழுத்தில் பழைய ‘லை’யைக் கொண்டுவருவதைப் பார்க்கிறேன். தமிழ் கணினித் திரைகளில் பரவியது சீர்திருத்தத்துக்குப் பின்னர்தான் என்பதால், அந்தச் சேர்க்கை காலத்தோடு பொருந்தாது. ‘சென்னிமலை’யை இன்றைய வடிவிலேயே எழுதுங்கள்.

சென்னிமலைத் தறி

தம்பி, வணக்கம். மேலே எழுதியவர் திரையையும் தாளையும் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்: ஒரே வரைவு போதாது. துணியில் கட்டம் சதுரமாக இருப்பதில்லை என்பதே காரணம்.

போர்வையிலும் துண்டிலும் பெயர் நெய்வது எங்கள் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். ஜக்கார்டு பெட்டி வைத்த தறியில் எழுத்து வர வேண்டுமென்றால், கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. பிரான்சில் ஜக்கார்டு 1804-இல் இதைச் செய்துகாட்டியபோது கணினித் திரையென்று ஒன்று இல்லை. நீங்கள் இப்போது பிக்சல் என்று அழைப்பதை நெசவாளர்கள் அப்போதிருந்தே நிரப்பிவருகிறார்கள். இன்றைய மின்னணு ஜக்கார்டிலும் கணினிப் படத்தின் ஒரு பிக்சல் என்பது ஒரு பாவு நூலும் குறுக்கே போகும் ஓர் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடம்தான்.

அங்குலத்துக்கு 60 பாவு நூலும் 48 ஊடை நூலும் உள்ள துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தின் அகலம் அங்குலத்தில் 60-இல் ஒரு பங்கு, உயரம் 48-இல் ஒரு பங்கு. அதாவது 4-க்கு 5. சதுரக் கட்டத்தில் வரைந்த எழுத்தை அப்படியே நெய்தால் அது நெடிதாக வளர்ந்து நிற்கும். இதற்காகவே எங்கள் கிராஃப் தாளின் கட்டங்கள் துணியின் விகிதத்துக்கு ஏற்ப நீளவாட்டிலோ அகலவாட்டிலோ மாறியிருக்கும். பின்னலில் நிலைமை தலைகீழ். சாதாரண ஒற்றைப் பின்னலில் கண்ணி உயரத்தைவிட அகலம் மிகுந்தது. அங்குலத்துக்கு நெடுக்கில் 40 வரிசையும் குறுக்கில் 30 கண்ணியும் இருந்தால், 9-க்கு 9 என்று வரைந்த எழுத்து காலரில் சப்பையாக வரும்; 9 கண்ணி அகலத்துக்கு 12 வரிசை உயரம் கொடுத்தால்தான் கண்ணுக்குச் சதுரமாகத் தெரியும்.

இன்னொன்று. நெய்த லேபிளில் அகலமான தடித்த கோடுகளை அப்படியே நிரப்பினால், எங்கும் கட்டுப்படாத நீண்ட நூல்கள் மேலே மிதக்கும். நகத்தில் மாட்டினாலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். நிரப்பிய இடத்துக்குள் ஆங்காங்கே கட்டுப்புள்ளி வைப்பது வடிவமைப்பாளரின் வேலையன்று, கிராஃப் போடுபவரின் வேலை. ஆனால் அதை வைப்பதற்கு இடம் விட்டு வரைவது உங்கள் பொறுப்பு. கோட்டின் தடிமன் ஒரு நூல், இரண்டு நூல் என்று இருந்தால் அந்தக் கவலை குறைவு.

பவானி ஜமக்காளத்தின் கோடுகளையும் இந்த எழுத்தையும் ஒரே சட்டையில் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குறுக்குக் கோடுகளின் அகலத்தையும் எழுத்தின் கட்டத்தையும் ஒரே அளவில் வைத்தால் இரண்டும் ஒட்டி நிற்கும். இது என் விருப்பம் மட்டுமே.

பின்னலாடை வடிவமைப்பாளர், திருப்பூர்

மிக்க நன்றி ஐயா. காலருக்கும் லேபிளுக்கும் தனித்தனி வரைவு என்று முடிவு செய்துவிட்டோம். ஜமக்காளக் கோடு பற்றிய யோசனையை எங்கள் முதலாளியிடம் காட்டுகிறேன். அச்சைப் பற்றி ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடைகளின் ஓடும் விளக்குப் பலகைகளில் தமிழ் ஏறத்தாழ இதே கட்டங்களில்தானே வருகிறது. அந்த எழுத்துகளையே எடுத்துச் சட்டைக்குப் பயன்படுத்தலாமா?

விளக்குப்பலகை, ஈரோடு

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், நண்பரே. கடை வாசல்களில் நாங்கள் மாட்டும் பலகைகள் பெரும்பாலும் பி10 என்ற தட்டுகளால் ஆனவை. ஒரு தட்டில் நீளவாட்டில் 32, உயரத்தில் 16 என்று விளக்குகள் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஆகவே 16 வரிசைக் கணக்கு எங்களுக்கும் பழகியதுதான். ஆனால் பலகைக்கான மென்பொருள்களில் பெரும்பாலானவை தமக்கென்று வரைந்த தமிழ் எழுத்தை வைத்திருப்பதில்லை. கணினியில் இருக்கும் சாதாரண எழுத்துருவை 16 வரிசைக்குச் சுருக்கி, பாதிக்கு மேல் நிறைந்த கட்டங்களை எரியவிட்டு மற்றவற்றை அணைத்துவிடுகின்றன. உங்கள் அலுவலகத்தில் நடந்த மொசைக் வேலையும் இதுவும் ஒன்றே. பலகையில் அது மன்னிக்கப்படுவதற்குக் காரணம், விளக்கின் ஒளி பக்கத்துக் கட்டத்துக்கும் கசிந்து குறைகளை மூடிவிடுகிறது, தவிரவும் எழுத்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. துணியில் இரண்டும் நடக்காது.

ஒளி கசிவதால்தான் பலகைக்கு 1 விளக்குத் தடிமன் போதும். 2 வைத்தால் இரவில் ‘ணி’யும் ‘ளி’யும் அடைந்துபோய்த் தெரியும். அச்சுக்கென்று மேலே ஒருவர் சொன்ன 2 கட்டத் தடிமன் சரியானது. எனவே நாங்கள் வரைவதையும் நீங்கள் வரைவதையும் மாற்றிக்கொள்ள முடியாது.

நீளத்தைப் பற்றியும் யோசித்துவிடுங்கள். ‘கோபிசெட்டிபாளையம்’ என்று முழுதாக எழுதினால் எங்களுக்கு நான்கு தட்டு இருந்தால்தான் அசையாமல் நிற்கும். அதனால் ‘கோபி’ என்றே போட்டுவிடுகிறோம். ஊராரும் அப்படித்தானே அழைக்கிறார்கள்.

அச்சுப் பட்டறை, அவிநாசி

அச்சிடுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். மார்பு அச்சுக்கு ஒரு கட்டத்தின் அளவை 5 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ‘பல்லடம்’ என்ற பெயருக்கு ப 7, ல் 9, ல 9, ட 7, ம் 8 என்று 40 கட்டமும், இடைவெளிகள் நான்குக்கும் இரண்டிரண்டாக 8 கட்டமும் சேர்ந்து 48 ஆகும். அகலம் 240 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கான சட்டையில் அது செம்மையாக அமையும். நீண்ட பெயர்களை இரண்டு வரியாக மடிக்கலாம். கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். 2 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மை பரவிச் சுழிகளின் நடுவிலுள்ள ஒற்றை வெற்றுக் கட்டம் மூடிக்கொள்ளத் தொடங்கும், பின்னல் துணியில் இன்னும் விரைவாக. ஒரே வரிசையில் வரும் ஊர்ப் பெயர்கள் அனைத்துக்கும் கட்டத்தின் அளவு ஒன்றாகவே இருக்கட்டும். ஒரு சட்டையில் 5, இன்னொன்றில் 4.3 என்று இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடும்போது வரிசை கெட்டுப்போனது தெரியும்.

மூலையோடு மூலை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் சதுரங்களைக் கவனியுங்கள். சாய்வுக் கோடுகளைப் பிக்சலில் வரையும்போது அவை தவிர்க்க இயலாமல் வரும். ஸ்கிரீன் அச்சில் சிக்கலில்லை. ஆனால் சிறு எண்ணிக்கை மாதிரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டிச் சூடேற்றி ஒட்டுவதாக இருந்தால், வெட்டிய பிறகு அந்தச் சதுரங்கள் தனித்தனியாகக் கழன்றுவிடும். வெட்டுக் கோப்பில் மட்டும் அந்த மூலைகளை இம்மியளவு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடுங்கள்.

கோப்பை ஜேபெக்காக அனுப்ப வேண்டாம் என்று பல முறை சொன்னாலும் எவரும் கேட்பதில்லை. சதுரங்களின் ஓரத்தில் சாம்பல் தூசி படிந்து, படத்தகட்டில் அது ரம்பப் பல்லாக மாறும். வெக்டர் கோப்பாக, எழுத்துகளை வடிவங்களாக மாற்றி அனுப்புங்கள். திரைக்காகப் படம் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களில் மட்டும் பெரிதாக்க வேண்டும், ஓரங்களை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும்.

இந்த எழுத்தைத் தலைப்புக்கும் பெயருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சலவைக் குறிப்பு, அளவு, முகவரி ஆகியவற்றை இதில் அச்சிட்டால் எவரும் படிக்க மாட்டார்கள்.

எழுத்துக்கட்டம், கோவை

கோப்புகள் பற்றிய பேச்சு வந்ததால் எழுத்துருவாக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயர்கள் மட்டுமே தேவை என்றால் எழுத்துருவே வேண்டாம். வரைந்த வடிவங்களை வெக்டராக வைத்துக்கொண்டு அடுக்கினால் போதும். தட்டச்சு செய்யத்தக்க எழுத்துரு வேண்டுமென்றால் வேலை கூடும். கொம்பு மெய்க்கு முன்னால் போய் நிற்பதையும், ‘கொ’ இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்பதையும் கணினியின் எழுத்தடுக்கும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும், ஆனால் ‘கு’ தனி வடிவம் எடுப்பது எழுத்துருவுக்குள் எழுதப்படும் ஓப்பன்டைப் விதிகளால் நடப்பது. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற கட்டணமற்ற மென்பொருளில் இவ்விதிகளை எழுதலாம். திருப்பூரில் பலர் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி முறையிலேயே தட்டச்சு செய்வதால், அதே எழுத்துகளைப் பாமினி வரிசையில் அடுக்கிய இரண்டாவது கோப்பு ஒன்றையும் தயாரித்துக்கொண்டால் உடன் பணிபுரிபவர்களுக்கு உதவும்.

க்னூ யூனிஃபான்ட் என்ற 16 பிக்சல் எழுத்துருவில் தமிழும் உண்டு என்று உங்களுக்கு எவரேனும் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அது குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்ற கணக்கில் அமைந்தது, கூட்டு வடிவங்கள் அதில் இல்லை. உகர உயிர்மெய்கள் உடைந்தே வரும். திரையில் ஒரு குறியீட்டை அடையாளம் காண உதவும், சட்டைக்கு உதவாது.

ஆங்கிலத்துக்கு நீங்கள் எடுக்கும் பிரஸ் ஸ்டார்ட் 2பி திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் அதை வைத்து அச்சிட்ட சட்டைகளை விற்கத் தடையில்லை. அதோடு தமிழ் எழுத்துகளைச் சேர்த்துப் புதிய எழுத்துரு ஒன்றை வெளியிட்டால், அதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மூல எழுத்துருவுக்கென ஒதுக்கப்பட்ட பெயரையும் சூட்டக் கூடாது. உயரத்தைப் பொருத்துவதற்கு, ஆங்கிலத்தின் 7 வரிசையையும் தமிழ் உடலின் 9 வரிசையையும் ஒரே அடிக்கோட்டில் நிறுத்தி, கட்டத்தின் அளவைச் சமமாக வைத்துவிடுங்கள். தமிழ் சற்றுப் பெரிதாகத் தெரியும், அப்படித் தெரியட்டும்.

ஊர்ப் பெயர்களின் பட்டியலை இங்கே இடுங்கள். அவற்றுக்கு எந்தெந்த வடிவங்கள் தேவை என்று பிரித்துத் தருகிறேன். ‘ர’வையும் துணைக்காலையும் முதலில் வரைந்து, ‘தாராபுரம்’ என்று எழுதி இதே இழையில் காட்டுங்கள்.